பாதிக் காட்டுக்கு டோலமைட்

போன வாரம் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளக்கடை என்கிற எங்கள் மலைக் கிராமத்தில் எனக்குப் பால் தருபவர் ஸ்டெல்லா. வேரோடு பிடுங்கிய ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரே அவர் கணவர் அந்தோணி. காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி வேலை வாங்கும் ரைட்டர். நாள் முழுக்க ஆட்களை அதட்டுகிறவர், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர்களிடம் ராணி என்று ஒரு பசு இருக்கிறது. கோடை வந்தால் பச்சைத் தீவனம் கிடையாது. சேலத்திலிருந்து வைக்கோல் ஏற்றிவந்து கட்டுப்படியாகவில்லை. சரி, வேலிமசால் என்கிற தீவனச் செடியைப் போடுவோம் என்று போன வருஷம் விதைத்தார்கள். சாண் உயரம் வந்தது... மஞ்சளித்தது... அப்படியே நின்றுவிட்டது.

ராணியை விற்றுவிடலாம் என்று அந்தோணி சொல்லிவிட்டார். புரோக்கரிடமும் பேசிவிட்டார். ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே மாட்டு டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். இந்த மலை மண்ணில் அமிலம் அதிகம் என்றாராம் டாக்டர். வேலிமசால் பயறு வகைச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்தான் அதற்குத் தழைச்சத்து தரவேண்டும். புளித்த மண்ணில் அது பிழைக்காது. டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி, மழையில் மண்ணோடு கலந்த பிறகு, மக்கின சாணம் போட்டு விதைக்கச் சொல்லி அனுப்பினார்.

அந்தோணி ஒத்துக்கொள்வாரா? சுண்ணாம்பு போட்ட தீவனத்தைத் தின்றால் மாட்டுக்கு வாய் வெந்துவிடும் என்றார். இத்தனைக்கும் எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு டோலமைட் போட ஆள் அனுப்புவதே அவர்தான்! வெளியாள் சொன்னால் யோசனை, வீட்டுக்காரி சொன்னால் வீம்பு — நம் வீடுகளில் மட்டும் வேறு மாதிரியா நடக்கிறது?

கடைசியில் காட்டை (அங்கே விளைநிலத்துக்குக் காடு என்றுதான் பேர்) வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். மேல் பாதி ஸ்டெல்லாவுக்கு: டோலமைட்டும் சாணமும். கீழ்ப் பாதி அந்தோணிக்கு: வெறும் யூரியா. ஸ்டெல்லா பக்கம் விளையாவிட்டால் புரோக்கர் வருவார் என்று பேச்சு.

ஸ்டெல்லா பக்கம் விளைந்தது. இடுப்பு உயரம், கரும்பச்சை. ஆனால் அந்தோணி பக்கமும் அதே உயரம், அதே பச்சை! யாரும் கை வைக்காத வேலியோர மூலையில் மட்டும் பழையபடி மஞ்சள்.

சந்தேகம் வராதா? ஸ்டெல்லா அந்தோணி பக்கத்தில் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் வேர் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். கொட்டகையில் போய்ப் பார்த்தார். அடுத்த போகத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த டோலமைட் மூட்டை காலி.

நான் போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

"ஏனுங்க, மிச்சம் வெச்ச டோலமைட்டு எங்கீங்க?"

மழையில் மேலே இருந்து கரைந்து வந்திருக்கும் என்று முதலில் சமாளித்துப் பார்த்தார் அந்தோணி. கரைந்து வந்தது உங்கள் பக்கம் மட்டும் இவ்வளவு சீராகப் பரவுமா என்று கேட்டார் ஸ்டெல்லா. அந்தோணி என்னைப் பார்த்தார். நான் பால் கேனைப் பார்த்தேன்.

"அவ சொன்னா வெளையுமுன்னு எனக்குத் தெரியுமுங்க, அக்கா. ஆனா பாதிக் காட்டுத் தீவனம் ராணிக்குப் பத்தாதுங்களே..." என்றார் மெதுவாக.

அதுவரை எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. சட்டென்று பிடித்துப்போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து புரோக்கர் போன் செய்தார். மாடு கொடுப்பதாக இல்லை, தீவனம் தாராளமாக இருக்கிறது என்று அந்தோணி சொன்னார். அந்த மண்ணில் எப்படி என்று கேட்டிருப்பார் போல. அந்தோணியின் குரல் பழையபடி ரைட்டர் குரலாகிவிட்டது.

"டோலமைட்டுதானுங்க. நாந்தான் போட்டேன்."

பொய் இல்லை. பாதிக் காட்டுக்கு அவர்தானே போட்டார்!