ஆரஞ்சு மிதவை

இன்று சர்ச்சில், யார் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி ரகசியமாக வாங்கும் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் பரிசுகளைக் கொடுத்தார்கள். சீட்டில் என் பெயரை எடுத்தது ஆண்டனி என்று அப்போதுதான் தெரிந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு இருவரும் சேர்ந்துதான் பழகினோம். சீட்டு குலுக்கிய அடுத்த வாரம் கொள்ளிடத்தில் நீந்தும்போது, மணல் அள்ளிய குழியின் சுழலில் சிக்கி அவன் போய்விட்டான்.

அவன் மனைவி ஸ்டெல்லா பார்சலை நீட்டினாள்.

"முன்னாடியே வாங்கி வெச்சிருந்தாருண்ணே. சீட்டுல நீங்க வாட்ச்தான் எழுதியிருந்தீங்களாமே?"

பிரித்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தும் ஆரஞ்சு மிதவை. கை ஓய்ந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

"அவன் தனக்கு ஒண்ணு வாங்கலையாம்மா?"

"கேட்டேண்ணே. முதல்ல சைக்கிளுக்குப் புது வீல், இது அடுத்த வருஷம்னாரு."

டிரையத்லான் நண்பர்களே, உங்கள் கிறிஸ்மஸ் ஆசைப்பட்டியலில் மிதவைக்கு எத்தனையாவது இடம்? கமெண்டில் சொல்லுங்கள்.

என் பட்டியலில் அது இல்லவே இல்லை.