தேதி தப்பாக இருந்த மடிக்கணினிகள்

என் தங்கை பள்ளிக்கூடத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் எட்டாவதோடு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது அவள்தான். இதைச் சொல்லாமல் எனக்கு அவளைப் பற்றிப் பேச்சே வராது. "போதும்க்கா, உன் கடைக்குச் சட்டை தைக்க வர்றாங்களா, என் கதை கேக்க வர்றாங்களா?" என்பாள்.

அவளிடம் முப்பத்தாறு மடிக்கணினிகள் இருந்தன. நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. பிள்ளைகள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கொடுத்த கம்பெனியை மூடி மூன்று வருடம் ஆகிறது. எழுத்து அழிந்த பொத்தான்களில் நகப்பூச்சால் எழுதி வைப்பாள். செத்த ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்கு உயிர் கொடுப்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. ஒவ்வொன்றுக்கும் துணி உறை தைத்து, நூலால் எண் போட்டுக் கொடுத்தது நான். ஒரு தையல்கூடக் கோணியிருக்காது.

அந்தத் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வருவதாக இருந்தது. பிள்ளைகள் கையில் கணினி ஓடுவதைப் பார்த்தால் புதியவை வரும். இல்லாவிட்டால் அறை, உடைந்த பெஞ்சு போடும் இடமாகிவிடும். தலைமை ஆசிரியருக்கு அரை மனசுதான். "எல்லாம் ஃபோன்லயே வந்துடுச்சேம்மா. இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறீங்க?"

"ஃபோன்ல பாக்கலாம் சார். இதுலதான் பிள்ளைங்க எதையாவது செய்யுறாங்க" என்றாள் தங்கை.

சனிக்கிழமை மதியம் புது உறைகளோடு போனேன். அவள் பட்டியல் எழுத அலுவலகத்துக்குப் போயிருந்தாள். ஒரு கணினியைத் திறந்தேன். மூலையில் தேதி மூன்று வருடம் பின்னால் இருந்தது. அடுத்ததிலும் அதே. எனக்குத் திக்கென்றது. வருகிறவர்களில் ஒருவர், 'தேதியைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியலையா?' என்று என் தங்கையைக் கேட்டுவிட்டால்?

தேதி மாற்ற அவளே வீட்டில் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திருத்தி, அணைத்து, உறைக்குள் போட்டேன். முப்பத்தைந்து. மீதி ஒன்று அவள் மேசையில் திருகு கழற்றிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. அவளாகவே கவனித்துச் சொல்லட்டும் என்று வாயைத் திறக்கவுமில்லை.

திங்கள் காலை அவள் பெருமையைப் பார்க்க நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

"டீச்சர், பூட்டு வருது!" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

"எனக்கும்!"

"எனக்கும் டீச்சர்!"

எல்லாத் திரையிலும் ஒரு பூட்டுப் படம். அனுமதி முடிந்தது, கம்பெனியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு வரி.

தங்கையின் முகம் வெளுத்தது. "தேதியை யாரு தொட்டது?"

"நாங்க இல்ல டீச்சர்!"

"நான்தான்டி" என்றேன். "தப்பா இருந்துச்சே."

"தெரியும்க்கா. நான்தான் தப்பா வச்சேன்."

திருடு போனால் யாருக்கும் பயன்படக்கூடாது என்று கம்பெனி அப்படிச் செய்திருந்ததாம். வருடத்துக்கொரு முறை அவர்கள் அனுமதி கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பூட்டிக்கொள்ளும். கம்பெனியே போன பிறகு யார் கொடுப்பது? அனுமதி முடிவதற்கு முந்தைய தேதியைத் திரும்பத் திரும்ப வைத்தே அவள் ஓட்டியிருக்கிறாள். வகுப்புக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"உன்கிட்ட சொன்னா, இது பித்தலாட்டம்னு திட்டுவியேன்னு சொல்லல" என்றாள். திட்டியிருப்பேன்தான்.

அவள் தேதியைப் பழையபடி மாற்றப் பார்த்தாள். பூட்டைத் தாண்டி உள்ளேயே போக முடியவில்லை. கம்பெனி எண்ணுக்கு அடித்தாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது குரல். மேசையில் இருந்த ஒற்றைக் கணினிக்குத் திருகு போட்டாள். அது ஓடியது.

மூன்று பேரும் வந்தபோது மொத்த வகுப்பும் அந்த ஒன்றைச் சுற்றி நின்றது. பின்னால் நின்ற பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் எதையோ குறித்துக்கொண்டு, "ஒன்னு ஓடுதுல்ல, பரவாயில்ல" என்றார். வியாழக்கிழமை கடிதம் வந்தது. அறையைக் காலி செய்யச் சொல்லி.

வெள்ளிக்கிழமை இருவரும் உட்கார்ந்து முப்பத்தைந்தையும் பெட்டியில் அடுக்கினோம். "ஏதாவது திட்டேன்டி" என்றேன்.

"வேணும்னேவா செஞ்ச?"

அடுத்த உறையை என் பக்கம் தள்ளினாள். எண் வரிசை பிசகாமல் அடுக்கினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கடைசி உறையின் நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"அதையும் திருத்திடு, மனசு கேக்காதே உனக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.