விழுந்தால் கூப்பிடும் வாட்ச்

புது வாட்ச் ஒன்று வரப்போகிறது, அதற்கு ஜோடியாக இரண்டு போன்களும் வருகின்றன என்று கம்பெனி அறிவித்த மறுநாள், கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. செஞ்சிக் கடைத்தெருவில் செல்போன் கடை கவுண்டரில் நின்றே என் பாதி ஆயுசு போனது. ஒவ்வொரு அறிவிப்பிலும் உலகமே மாறப்போகிறது என்பார்கள். எனக்கு மாறியதெல்லாம், ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலுக்கும் வந்ததுதான்.

காலேஜ் பையன்கள் வந்து, "ஸ்ட்ராப் ஆரஞ்சு கலர்ல வருமாக்கா?" என்றார்கள். வழக்கமாக வரும் வாத்தியார் ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன தடவ வந்ததுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? பட்டன் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிருக்குது, அவ்ளோதான்." முதலாளி வீடியோவைப் பாதியிலேயே நிறுத்தினார். "செல்வி, வாட்ச் கேட்டு வந்தா போனையும் சேத்துத் தள்ளிடு." எல்லா வருஷமும் இதே பேச்சுதான்.

மதியம் மல்லிகா வந்தாள். அவலூர்பேட்டை ரோட்டில் ஊருக்கு வெளியே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவள் கணவர் ஏழுமலைக்குச் சர்க்கரை வியாதி. போன கோடையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் மயங்கி விழுந்து, சாயங்காலம் வரை யாரும் பார்க்காமல் வெயிலிலேயே கிடந்தவர்.

"அக்கா, கீழ வுழுந்தா அதுவே போன் பண்ணுமாமே, மெய்யா?"

"பண்ணும். ஆனா அந்தப் புதுப் போன்ல ஒண்ணு அவர் சட்டைப் பையிலயே இருக்கணும். பட்டன் போன்ல ஆவாது."

"ரெண்டும் வாங்கிட்டா அவரு பொழச்சிப்பாரா?"

கம்பெனிக்காரர்கள் கொடுத்த ட்ரெய்னிங்கில் இதற்குப் பதில் கிடையாது. "சரக்கு வந்ததும் அவரையும் கூட்டியா. கடையிலயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துக்கோ" என்றேன். வீட்டிலிருந்த ஆடுகளை விற்றுவிட்டு வந்து புக் பண்ணினாள்.

டெஸ்ட் பண்ணிய அன்று

சரக்கு வந்ததும் போனையும் வாட்சையும் இணைத்து, விழுந்தால் அடிக்க வேண்டிய முதல் நம்பராக மல்லிகாவுடையதைப் போட்டுக் கொடுத்தேன். மல்லிகா வாட்சைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, தன் கையாலேயே புருஷனுக்குக் கட்டிவிட்டாள். தரையில் காலி அட்டைப்பெட்டிகளைப் பரப்பினோம். ஏழுமலை தொப்பென்று விழுந்தார். வாட்ச் சும்மா இருந்தது. மறுபடி விழுந்தார். அப்போதும் சும்மாவே இருந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமா வுழு" என்று ஒருவன் யோசனை சொன்னான். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "டிஃபெக்ட் பீஸா?"

"இன்னாம்மா செல்வி, வாட்சு கூப்புடுறதுக்குள்ள என் இடுப்பு கூப்புட்டுடும் போலிருக்குதே" என்றார் ஏழுமலை. எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை.

நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஊர் அம்மன் கோயில் தீமிதிக்காக வலது கையில் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு. அந்தக் கிழங்கின் மேலேயே வாட்சைக் கட்டியிருந்தாள். பின்பக்கத்து சென்சார் தோலைத் தொடவே இல்லை. யாரும் கட்டவில்லை என்று நினைத்து வாட்ச் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா இதும்மேல கட்டுன?"

"வேணும்னுதாங்க்கா கட்டுனேன். அம்மா காப்பும் இதுவும் ஒண்ணா இருந்தா தெம்புன்னு."

தீ மிதித்து முடிக்கும்வரை காப்பை அவிழ்க்க முடியாது. "இடது கையில கட்டு. அம்மா அந்தக் கையப் பாத்துக்கட்டும், இது இந்தக் கையப் பாத்துக்கட்டும்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மாற்றிக் கட்டினாள். இந்த முறை அவர் விழுந்ததும் வாட்ச் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மல்லிகாவின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், காலடியில் கிடக்கும் புருஷனைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

இரண்டாவதாக ஒரு நம்பர் போட வேண்டும். "புள்ள பெங்களூர்ல இருக்கான். டூட்டில போன் எடுக்க மாட்டான். உங்க நம்பரப் போடுங்கக்கா." போட்டேன். முதலாளி என்னை முறைத்தார்.

எனக்கு வந்த போன்

அதன்பிறகு நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். ஏழுமலை மண்வெட்டியை ஓங்கிப் போட்டாலும் வாட்ச் கூப்பிடும். வரப்பைத் தாண்டிக் குதித்தாலும் கூப்பிடும். மல்லிகா நூறு நாள் வேலையில் போனைப் பையில் போட்டுவிடுவாள். அவள் எடுக்காவிட்டால் எனக்கு அடிக்கும். கஸ்டமரை நிறுத்திவிட்டு எடுத்தால், "ஒண்ணும் இல்லம்மா, காவா தாண்டுனேன்" என்பார். எரிச்சலாக வரும். நம்பரை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

வேர்க்கடலை பிடுங்கும் சமயம். மதியம் போன் அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏழுமலைண்ணே" என்று கத்தினேன், பதில் இல்லை. கையிலிருந்த பில்லை அப்படியே போட்டுவிட்டு, மல்லிகாவுக்கு விடாமல் அடித்தேன். கடைசியில் எடுத்தாள். "கொல்லைக்கு ஓடு" என்று மட்டும் சொன்னேன். அன்று நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் நிலம். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவர் வாயில் சர்க்கரையைப் போட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிழைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மல்லிகா கடைக்கு வந்தாள். "அக்கா, எனக்கும் அதே மாதிரி வாட்சும் போனும் குடுங்க. நானும் தனியாத்தான் களை எடுக்கறேன்."

செட் பண்ணும்போது முதல் நம்பராக ஏழுமலையின் நம்பரை அடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் சத்தத்துல அவரு எடுக்க மாட்டாருக்கா. மொதல்லயே உங்களுதப் போடுங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விழுந்தால் வாட்ச் கூப்பிடும் என்பதை எல்லா அறிவிப்பிலும் சொல்லிவிடுவார்கள். கூப்பிட்டால் எடுக்க யார் இருக்கிறார்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பில் போடுங்கள்.

எனக்குச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இப்போது குளிக்கப் போனால்கூட போனைக் கையோடு எடுத்துப் போகிறேன்.