கீழ்த்தளத்துக் குளியலறைச் சாவி

செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் சாந்தா குளிக்கப் போகிறாள் என்றால் அந்த வீட்டில் ஊரடங்கு. மகன் ராகேஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவான். அவனுடைய ஆபீஸ் மீட்டிங் பாதி அங்கேதான் நடந்தது. வந்திருப்பது சம்பந்தி வீட்டாராகவே இருந்தாலும் பால்கனிக்கு அனுப்பப்படுவார்கள். கணவர் துரைராஜ் டிவியை அலறவிட்டு, மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹாலில் காவல் நிற்பார்.

எல்லாம் ஒரு கதவால் வந்த வினை. நான்கு வருடம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது முதல் சாந்தாவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம், குளியலறைக் கதவு இருபத்திரண்டு. முன்சக்கரங்கள் உள்ளே போகும், பெரிய சக்கரங்கள் நிலையில் முட்டி நின்றுவிடும். ஆக, கால் குளியலறையில், முதுகு ஹாலில். நடுவில் மறைப்புக்கு ஒரு பழைய போர்வை. சாந்தா ரவிக்கை தைப்பவள். கழுத்தில் கிடக்கும் டேப்பால் அந்தக் கதவை எத்தனையோ தடவை அளந்து பார்த்திருக்கிறாள். "ரவிக்கையா இருந்தா ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டிருப்பேன்" என்பாள். கதவுக்கு ஒரு பக்கம் தூண், மறுபக்கம் தண்ணீர்க் குழாய். பிரித்துவிட இடமில்லை.

சிரிப்பதெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால்தான். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி சொந்த வீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளிப்பது கொடுமை, அதை வேறெப்படிச் சொல்வது? தன் கையால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு குளியல். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அப்படி ஒரு இடம் அதே கட்டடத்தில் இருந்தது. கட்டட விதி கேட்கிறது என்று பில்டர் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை கட்டியிருந்தார். அகலமான கதவு, வாசற்படி கிடையாது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கதவில் சக்கர நாற்காலிப் படம். வீடுகளுக்குள் இருக்கும் குளியலறைகளைப் பற்றி விதி ஒன்றும் கேட்கவில்லையாம். நடக்க முடியாதவர்கள் இங்கே வந்துபோவார்களே தவிர குடியிருக்க மாட்டார்கள் என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போலும்.

அந்தக் குளியலறை எப்போதும் பூட்டியே கிடந்தது. சாவி அசோசியேஷன் செயலாளர் ராஜகோபாலிடம். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையரானவர், எதையும் பூட்டி வைப்பதில் கைதேர்ந்தவர். உள்ளே பிள்ளையார் பந்தல் சாமான்கள் குடியிருந்தன. சாந்தா ஒருமுறை சாவி கேட்டாள்.

"அது டிஸேபிள்டு பீப்பிளுக்கு, சாந்தாம்மா."

"அப்போ நான் யாரு சார்?"

"நீங்க ரெசிடென்ட். உங்களுக்குத்தான் மேல ஒண்ணு இருக்கே?"

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் ராஜகோபாலே மூன்றாவது மாடிக்கு வந்தார், முகத்தில் தேன் வழிய. கட்டடத்தின் கடைசிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, அதிகாரி பார்வையிட வருகிறார். "நீங்க கீழ வந்து பாத்ரூம் பக்கத்துல உட்கார்ந்தா போதும். ஒண்ணும் பேச வேண்டாம்."

"சாமி மாதிரி?"

"அதேதான்!" என்றார், சந்தோஷமாக.

மறுநாள் சாந்தா தலைசீவி, பட்டுப் புடவையில், கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டாள். பந்தல் சாமான்கள் ராத்திரியோடு ராத்திரியாக மொட்டைமாடிக்குப் போயிருந்தன. அதிகாரி இர்பான் கதவை அளந்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம்தான் கம்மோடைப் பார்த்தார். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இது யாருமே உபயோகிக்காத பாத்ரூம் சாப். பூட்டி வெச்சா கணக்குல வராது" என்றார் இர்பான், தக்காணி உருதுவில்.

ராஜகோபாலுக்கு வியர்த்துவிட்டது. "டெய்லி யூஸ் சார்! டெய்லி! இதோ இந்த அம்மாதான்!"

எல்லோரும் சாந்தாவைப் பார்த்தார்கள். நான்கைந்து தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். தக்காணி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஹவ் சாப், ஆமா" என்றாள் கணீரென்று. "தினமும் இங்கதான் குளிக்கிறேன். சாவி எப்பவும் என்கிட்டதான் இருக்கும். உங்களுக்குத் திறந்து காட்டணும்னு சார் இன்னிக்கு வாங்கிட்டுப் போனாரு." அப்படியே ராஜகோபாலை நோக்கிக் கையை நீட்டினாள்.

ராஜகோபால் அதிகாரியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். மென்று விழுங்கிக்கொண்டு கொடுத்தார். பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் முகம்கூட அத்தனை வாடியிருக்காது.

"ஏங்க" என்று பக்கத்தில் நின்ற துரைராஜிடம் திரும்பினாள் சாந்தா. "இன்னிக்கு இன்னும் குளிக்கலை. துண்டு, சோப்பு, மாத்துப் புடவை, வாளி எல்லாம் மேலயே மறந்துட்டேன் பாருங்க."

அறுபது வயது துரைராஜ் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினார்.

அவர் எல்லாம் கொண்டுவந்து வைத்ததும் சாந்தா உள்ளே போனாள். நாற்காலி எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு முழு வட்டம் அடித்துப் பார்த்தாள். காரணமில்லாமல் இன்னொரு வட்டமும் அடித்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள்.

வெளியே துரைராஜ் பழக்கதோஷத்தில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவு மூடியிருப்பது கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது. திரும்பி நின்றுகொண்டார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

இர்பான் உள்ளே குழாயையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம் இன்னும் இரண்டு கட்டடம் பாக்கி. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே போய் மெதுவாகக் கதவைத் தட்டினார். "அம்மா, ஹோ கயா க்யா? ஆச்சா?"

சாந்தாவின் கையில் இருந்த மக் பாதியில் நின்றது. நான்கு வருடமாக அவள் குளிக்கும்போது யாரும் கதவைத் தட்டியதில்லை. தட்டுவதற்கு மூடிய கதவு வேண்டுமே. கண்ணில் நீர் முட்டியது, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

"குளிச்சிட்டிருக்கேன்! இருங்க!" என்று அவள் போட்ட சத்தம் மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

பிறகு சோப்பை எடுத்து, முதலிலிருந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.