ஆறு சுற்றுக் கம்பி

ஹவுகெட்டோ நிலையம், ஞாயிறு காலை. ஒஸ்லோ ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். தூறலுக்கு ஒதுங்கி, வாசலுக்கு வெளியே கூரைக்கடியில் மின் சிகரெட் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அறுபது வயதுத் தமிழர் ஒருவர். அவரிடமும் மின் சிகரெட்தான். ஆனால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து கருகிய பஞ்சை உருவி, புதுப் பஞ்சைத் திரித்து நுழைக்கிறார்.

“எதுக்குண்ணா இவ்வளவு கஷ்டம்? என்னோடதுல திரவம் அடைச்ச பாட் தீர்ந்தா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம்,” என்கிறேன்.

“ஓம் தம்பி, என்னட்டையும் அப்பிடி ஒண்டு கிடக்கு. வேலை நாளிலை அதுதான். இது ஞாயிற்றுக்கிழமைக்கு.” சுருளை என் பக்கம் சாய்க்கிறார். “எத்தினை சுத்து, எண்ணுங்கோ.”

“ஆறு.”

“எனக்குக் கண் பார்வை மட்டு. என்ரை மனிசிதான் முந்திச் சுத்தித் தாறவ. அஞ்சு சுத்துப் போடச் சொன்னனான். சுத்துக் கூடினால் சூடேறப் பிந்தும், புகையும் குறையும். நான் கருவி பழுதெண்டு கத்திக்கொண்டு திரிஞ்சனான். அவ ஒண்டும் பறையேல்லை. அவ மோசம்போய், செத்தவீடும் முடிஞ்ச பிறகுதான் எண்ணிப் பாத்தனான்.”

பஞ்சை மட்டும்தான் மாற்றுகிறார். கம்பி அதேதான்.

மூடி, பொத்தானை அழுத்திக் காத்திருக்கிறார். ரயில் வந்து நிற்கிறது. நான் கூப்பிடுகிறேன்.

“நீங்கள் போங்கோ, தம்பி. இது இன்னும் சூடேறேல்லை.”