அளவுக்குக் கொடுத்த டாப்ஸ்

எனக்கு மேல்பக்கம் கனம். தோள் அகலம், மார்பு பெரிது, இடுப்புக்குக் கீழே ஒல்லி. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. பதினாறு வருடம் கூச்சப்பட்டாயிற்று, போதும்.

ஒன்பதாம் வகுப்பில் அம்மா என்னைச் சூளகிரியில் ஒரு தையல் கடைக்கு அழைத்துப் போய், "ரெண்டு சுத்து லூசாவே தைங்க. ஒண்ணும் தெரியக் கூடாது" என்றாள். கழுத்தை மூடித் தொளதொளவென்று ஒரு டாப்ஸ் வந்தது. எங்கள் பக்கம் தைக்கக் கொடுத்தால் உடம்பை யாரும் அளப்பதில்லை. பழைய துணி ஒன்றை அளவுக்குக் கொடுப்போம். அந்த டாப்ஸைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. இடையிடையே அக்குளில் பிடித்தால் பக்கத்தில் ஒரு இஞ்ச் பிரித்து விடுவார்கள், அவ்வளவுதான். முப்பது வயதிலும் அம்மாவின் பயத்தைத்தான் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அளவு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பாகத்தை ஆகாதென்று தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவள் நான். மிஷின் பக்கம் துப்பட்டா போடக் கூடாது. அதனால் கூன் போட்டேன். லைன் லீடர் ஆகச் சொன்னபோது, "எனக்குப் பேச வராது சார்" என்று புளுகினேன். லீடர் தினமும் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும். என் பயம் பேச்சில் இல்லை, நிற்பதில் இருந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு அது போனது. அன்று கம்பெனி மேல் வராத கோபம் என் மேல் வந்தது.

எட்டு மாதத்தில் அவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனார். இந்தத் தடவை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டு வாங்கினேன்.

அந்த வாரமே புது யூனிபார்ம் துணி கொடுத்தார்கள். தைத்துக்கொள்வது நம் பாடு. டெய்லர் அக்கா வழக்கம்போல், "அளவு டாப்ஸ் எங்க கண்ணு?" என்றார்.

"இல்லக்கா. டேப் வெச்சு அளங்க. கழுத்து வி மாதிரி எறங்கட்டும். தோள்ல, நெஞ்சுல சுருக்கு வேணாம். மடிச்சு டாட் புடிச்சு ஒடம்போட நிக்கணும். கீழ மட்டும் அகலம் வுடுங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "எல்லாந் தெரியுமே கண்ணு?"

"தெரியட்டும்க்கா. இருக்கறதுதான தெரியப் போவுது?"

டேப் மார்பைச் சுற்றி வந்தபோது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். பழக்க தோஷம். விட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை லைன் முன்னால் போய் நின்றேன். கை தானாக மார்புக்குக் குறுக்கே போனது. இறக்கினேன். பின்வரிசையில் ஒருவன் பக்கத்து ஆளின் தோளை இடித்துச் சிரித்தான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் அன்று முடிக்க வேண்டிய பாகங்களின் எண்ணிக்கையைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டு வாசலில் அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "இப்பிடியேவா பஸ்ல வந்த?"

"இப்பிடியேதான். சீட்டுல நிமுந்து ஒக்காந்து."

"அந்தப் பழைய டாப்ஸ் எங்கடி?"

"மிஷின் தொடைக்கப் போட்டுட்டன்."

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள். அவளுக்கும் இதே உடம்புதான். "நாலு பேரு பாத்து ஒண்ணு சொல்லக் கூடாதுன்னுதான் அப்பிடித் தெக்கச் சொன்னன்" என்றாள்.

"தெரியும்மா. நானே என்னத் தூக்கிச் செவப்புப் பொட்டில போட்டுக்கிட்டன். இப்பத்தான் எடுத்தன்."