ரெய்ஸ்ட்ரிக் வீட்டுக் கல்நிலை

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டில் மூன்று குக்கிராமங்கள், ஒரு பழைய தேவாலயம், மனிதர்களைவிட அதிகமாக ஆடுகள். அவ்வளவுதான் ஹார்ல்பெக் பாரிஷ். அதற்கும் பஞ்சாயத்து மாதிரி ஒரு கவுன்சில் உண்டு. கிளிஃபோர்ட் ரெய்ஸ்ட்ரிக் பாதி ஆயுளை அதில்தான் கழித்தார். "நான்தான் கவுன்சில்" என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். மனைவி ஈனிட் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றுவாள்.

லீட்ஸிலிருந்து வந்து அதே தெருவில் வீடு வாங்கிய பல் மருத்துவர் பிம், ஜன்னலுக்கு பிளாஸ்டிக் சட்டம் போடப்போவதாகச் சொன்னதும் கிளிஃபோர்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலையாய் அலைந்து, தெருவின் கல்வீடுகள் அத்தனையையும், அனுமதியில்லாமல் எதையும் மாற்ற முடியாத பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்க வைத்தார், தன் வீட்டையும் சேர்த்து. பிம் விடவில்லை. கவுன்சிலில் உறுப்பினராகி, ஜன்னலுக்கு அனுமதி கேட்டார். தன் விஷயம் பேசப்படும்போது உறுப்பினர் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. கொட்டுகிற மழையில் அவரை வெளியே நிற்கவைத்துவிட்டு, "அந்தத் தெருவுல ஒரு கல்லத் தொட்டாலும் ஊரையே இடிச்ச மாதிரி" என்று முழங்கினார் கிளிஃபோர்ட். ஜன்னல் அதோடு போயிற்று.

சில வருடங்களில் ஈனிடைப் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலி வந்தது. வாசலின் பழைய கல்நிலையோ குறுகல், நாற்காலி நுழையாது. பின்பக்கம் செங்குத்துப் படிகள். அவளை நகரத்து முதியோர் இல்லத்தில் விடவேண்டியதாயிற்று. நிலையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் வீட்டுக்கு வந்துவிடலாம். கிளிஃபோர்ட் அதற்கு அனுமதி கேட்டார். மாவட்ட அதிகாரி, பாரிஷ் என்ன சொல்கிறது என்று கேட்டு அனுப்பினார்.

கூட்டத்தில் அந்த விஷயம் வந்தபோது, இப்போது தலைவராகிவிட்ட பிம் மரியாதையாகத்தான் சொன்னார்.

"கிளிஃபோர்ட், கொஞ்சம் வெளிய இருங்க."

அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் குளிரில் நின்றார். மண்டபக் கதவு மெல்லியது. ஒரு கல்லைத் தொட்டாலும் ஊரை இடித்த மாதிரி என்று அவரே சொன்னாரே, அவருக்கு மட்டும் எப்படி விட்டுக்கொடுப்பது என்று பிம் கேட்பது காதில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். ஈனிட் சுட்ட கேக்கைத் தின்று வளர்ந்தவர்கள்தான் உள்ளே பாதிப் பேர். அவர்களும் சேர்ந்துதான் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

உள்ளே கூப்பிட்டபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த விஷயம், பேருந்து நிறுத்தத்தில் நாய்க் கழிவுக்கு ஒரு தொட்டி. கிளிஃபோர்டும் பழக்கதோஷத்தில் கை தூக்கினார்.

அதிகாரியும் முடியாது என்று எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளிஃபோர்ட் இல்லத்துக்குப் போனார். ஈனிட் கோட்டு போட்டுவிடச் சொல்லிக் காலையிலிருந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று குழறிக் கேட்டாள். கவுன்சில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நீதானே... கவுன்சில்?"